கொடுத்ததா, கொடுத்து வைத்ததா

யார் துணி கொண்டுவந்து நீட்டினாலும் திரைக்காரர் உடனே கை நீட்டி வாங்கிவிட மாட்டார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முதலில் ஒரு கேள்வி கேட்பார்.

"குடுத்ததா, குடுத்து வெச்சதா?"

தோள்பட்டை நைந்த சட்டையானாலும் சரி, பாதி கிழிந்த தலையணை உறையானாலும் சரி, கேள்வி இதுதான். பதில் வரும்வரை துணி கொண்டுவந்தவர் கையிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். முனை வீட்டு சலூன்காரர் வாசலுக்கு வரும்போதே, "குடுத்தது, குடுத்தது, குடுத்தது! மூணு தடவை சொல்லிட்டேன், வாங்கித் தொலைங்க," என்று கத்திக்கொண்டுதான் வருவார். எதிர்வீட்டு டீச்சரம்மா சிரித்துக்கொண்டே, "தெருவே உங்களுக்குத் துணி கொண்டுவந்து கொட்டுது. நீங்க குடுத்து வெச்சவர்தான், போங்க," என்பார். திரைக்காரர் சிரிக்க மாட்டார். "அதுக்குத்தான் டீச்சர் கேக்குறேன்," என்பார்.

பதில் கிடைத்ததும் ஒரு சின்னக் காகிதச் சீட்டில் எழுதித் துணியின் மூலையில் ஊக்கால் குத்துவார். கொடுத்தது என்றால் 'கொ'. கொடுத்து வைத்தது என்றால் 'கொ.வை'. இரண்டாம் வகைக்கு பீரோவில் தனியாக ஒரு தட்டே ஒதுக்கி வைத்திருந்தார். அவருடைய மகள் கண்ணுக்குத் தெரிந்து அந்தத் தட்டு எப்போதும் காலி. கந்தலை யார் பத்திரமாகக் கொடுத்து வைக்கப் போகிறார்கள்?

மகளுக்குப் பதினைந்து வயது இருக்கும்போது இந்தக் கேள்வி அவர் வாயில் ஏறியது. முதலில் அவளும் சிரித்தாள். பிறகு பழகிப்போனது. கல்லூரித் தோழி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்த அன்று, கேள்வி காதில் விழுந்ததும் வெட்கமாக இருந்தது. ஏன் இப்படிக் கேட்கிறார் என்று மட்டும் அவள் கேட்டதில்லை. எதற்கெடுத்தாலும் ஏன், எதற்கு என்று துளைப்பவள் என்று வீட்டில் பெயரெடுத்தவள் இதை மட்டும் எப்படிக் கேட்காமல் விட்டாள் என்பது அவளுக்கே விளங்கவில்லை. அப்பாவிடம் கேட்க ஒன்றுமில்லை என்று நினைத்துவிட்ட வயசு போலும் அது.

திரைக்காரர் என்பது தெரு வைத்த பெயர். திரைச்சீலை விற்கும் கடை ஒன்றில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தார். காலையில் வீடு வீடாகப் போய் ஜன்னல் அளப்பார். மதியம் கடைக்குப் பின்னால் இருந்த நீள மேசையில் வெட்டுவார். சாயங்காலம் ஏணியோடு போய்க் கம்பி அடித்துத் தொங்கவிடுவார். படிப்பு ஐந்தாம் வகுப்பு. "நான் பள்ளிக்கூடத்தை விடலை, அதுதான் என்னை விட்டுடுச்சு," என்பார். ஆனால் தெருவில் நடந்துபோகும்போதே அந்நிய வீட்டு ஜன்னலைப் பார்த்து அகலம் சொல்லிவிடுவார். அரை அங்குலம் பிசகாது.

வெட்டுகிற இடத்தில் மிச்சம் விழத்தான் செய்யும். குப்பைக்குப் போகிற ஓரத் துணிகளை முதலாளியிடம் கேட்டு எடுத்துவருவார். வருஷத்துக்கு ஒருமுறை, துணி மாதிரிகள் ஒட்டிய தடித்தடிப் புத்தகங்கள் கடையில் பழசாகிக் கழியும். அவற்றையும் தூக்கிவந்து, வாசற்படியில் உட்கார்ந்து, கோழி உரிப்பதுபோல் பக்கம் பக்கமாக உரிப்பார். பிறகு தெருவும் தன் பங்குக்குக் கொடுக்க ஆரம்பித்தது. இவற்றைச் சதுரமும் முக்கோணமுமாக வெட்டி இணைப்பார். அடியில் ஒரு பழைய விரிப்பு, நடுவில் பஞ்சு, மேலே இந்த ஒட்டு. மூன்றையும் சேர்த்துத் தைத்தால் ஓர் ஒட்டுப் போர்வை. வருஷத்துக்கு மூன்று, நான்கு. எதையும் விற்றதில்லை. யாருக்காவது கொடுத்துவிடுவார்.

உண்மையைச் சொன்னால், போர்வை தைப்பதைவிடத் துணி சேர்ப்பதில்தான் அவர் உயிர் இருந்தது. அதை 'இருப்பு' என்பார். வந்த துணி நேராக இருப்புக்குள் நுழைந்துவிட முடியாது. முதலில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையோடு சேர்த்து வெந்நீரில் ஊறப்போடுவார். கைக்குட்டை வெள்ளையாகவே வெளியே வந்தால் துணி பாஸ். சிவப்புத் துணிகள் பெரும்பாலும் இதில் மாட்டிக்கொள்ளும். "கூட இருந்தே குழி பறிக்கிற ரகம்," என்று அவற்றைத் தள்ளி வைப்பார். மிஞ்சியதைத் தேய்த்து, ஒரே அளவு அட்டையில் சுற்றி அடுக்குவார். அடுக்குவதும் நிறவாரியாக இல்லை. வெளுப்பு மேல் தட்டில், நடுத்தரம் நடுவில், இருட்டு கீழே. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு துணியைப் பார்த்தால் நிறம் மறைந்து வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சுமாம். அப்படி பீரோ முன்னால் அரைக்கண்ணில் நிற்பவரைப் பார்த்து மகளின் அம்மா சொல்வாள்:

"தூங்குறதா இருந்தா படுத்துத் தூங்குங்க. குதிரை மாதிரி நின்னுக்கிட்டுத் தூங்காதீங்க."

"தரம் பிரிக்கிறேன்டி."

"அப்படியே எங்களையும் ஒரு தட்டுல அடுக்கிடுங்க. இந்த வீட்டுல மனுஷங்களுக்கு இடமில்லை, கந்தலுக்கு பீரோ."

கீழ்த் தட்டில் மட்டும் எப்போதும் பஞ்சம். ஜன்னலுக்கு இருட்டு நிறம் யார் கேட்கிறார்கள்? ஆனால் இருட்டு இல்லாமல் வெளுப்பு எடுபடாது. போர்வை காய்ச்சல் வந்த முகம் மாதிரி வெளிறிக் கிடக்கும். நல்ல கருநீலம் ஒரு முழம் கிடைத்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் சீட்டியடிக்கும் சத்தம் கேட்கும்.

அந்தக் கருநீலம்தான் வினையாக வந்தது.

அவர் இறந்து மூன்று மாதம் கழித்து வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. மகள் இப்போது ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள், அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். அலுவலகத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வீடு பார்த்திருந்தார்கள். பீரோ அங்கே நுழையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவும் மகளும் அதன் முன்னால் உட்கார்ந்து தட்டுத் தட்டாக இறக்கினார்கள். இருப்பு, தெருவுக்கே திரும்பிப் போவதாக ஏற்பாடு. டீச்சரம்மா நடத்தும் தையல் வகுப்புக்கு வெளுப்பு எல்லாம். சலூன்காரருக்குத் துடைக்க மிச்சம்.

'கொ.வை' தட்டில் மகள் கைவிட்டுத் துழாவினாள், காலிதானே என்று. பின்னால் மூலையில் தகரம் தட்டுப்பட்டது. பழைய பிஸ்கட் டின்.

உள்ளே நூலால் கட்டிய ஐந்து கட்டுகள். எல்லாம் முக்கோணத் துண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு சாண் அகலம். கருநீலத்தில் கடுகளவு வெள்ளைப் புள்ளிகள். ஒரே துணி என்பது புள்ளியைப் பார்த்தால் தெரிந்தது, ஆனால் ஐந்து கட்டும் ஐந்து நீலமாக இருந்தன. ஒன்று புதுசு மாதிரி. ஒன்று வெயிலில் காய்ந்து சாம்பலாகி இருந்தது. மூடியின் உட்புறத்தில் அப்பாவின் கோணல் எழுத்து: 'மொத்தம் 110. கையில் 98. பாக்கி 12.' அதற்குக் கீழே ஒரு முகவரி, வேறோர் ஊரின் முகவரி.

"என்னம்மா இது?"

அம்மா டின்னைப் பார்த்தாள். கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள். "அதை அப்படியே வெச்சிடு."

"என்னன்னு சொல்லு."

"சொல்ல மாட்டேன்னு உங்கப்பாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"அப்பாதான் இல்லையேம்மா."

"ஆள் போனா வாக்கும் கூடவே போயிடுமா?" என்றாள் அம்மா. அடுத்த துணியை எடுத்தாள், மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "மாடியில ஒரு நர்ஸ் குடியிருந்தாளே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. நர்ஸ் அக்கா இரண்டு வருஷம் மாடியில் இருந்தாள், தன் அம்மாவோடு. அந்த அம்மா படுத்த படுக்கையாகி அங்கேயே இறந்துபோனார். சில மாதத்தில் நர்ஸ் அக்காவுக்குத் தூரத்து ஊருக்கு மாற்றல் வந்தது. அவள் கிளம்பிய காலையும் மகளுக்கு ஞாபகம் இருந்தது. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அப்பா ஜன்னல் அளக்கப் போய்விட்டார், அம்மா வேலைக்குப் போய்விட்டாள். பல் விளக்கிக்கொண்டே கதவைத் திறந்தாள். நர்ஸ் அக்கா இரண்டு பெட்டிகளோடு நின்றாள். கீழே கார்க்காரன் ஹார்னை அமுக்கிக்கொண்டிருந்தான்.

"அப்பா இல்லையா? சரி, இந்தத் துணியை அப்பாகிட்ட குடு," என்று ஒரு காகிதப் பையை நீட்டி இன்னும் ஏதோ சொன்னாள். ஹார்ன் சத்தம். இவள் வாய் நிறைய நுரையோடு தலையாட்டினாள். கார் போய்விட்டது.

சாயங்காலம் அப்பா வந்ததும் சொன்னாள்: "மாடி அக்கா ஊருக்குப் போயிட்டாங்க. இதை உங்களை வெச்சுக்கச் சொன்னாங்க."

அப்பா பையைப் பிரித்தார். இரண்டரை மீட்டர் கருநீலம், மடிப்புக் கலையாமல். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். சீட்டி கிளம்பியது.

"நல்ல புதுத் துணியை எவளாவது சும்மா குடுத்துட்டுப் போவாளா?" என்றாள் அம்மா.

"அவங்கம்மாவுக்கு வெயில் அடிக்குதுன்னு திரை தைச்சு மாட்டிக் குடுத்தேன்ல. அந்த நன்றிக்கு இருக்கும்."

இரண்டு மாதம் அதை வெட்டவில்லை. நல்ல துணி கிடைத்தால் கத்திரி வைக்க மனசு வராதது துணி சேர்ப்பவர்களுக்கு எல்லாம் உள்ள வியாதி. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மனசைக் கல்லாக்கிக்கொண்டு வெட்டினார். சாணுக்குச் சாண் ஐம்பத்தைந்து சதுரம்; குறுக்கே வெட்டினால் நூற்றுப்பத்து முக்கோணம். ஒன்றரை வருஷத்தில் ஆறு போர்வைகளுக்கு அந்த நீலம்தான் முதுகெலும்பு. முதல் போர்வையில் பன்னிரண்டு துண்டு. "துணியைக் கொண்டுவந்து குடுத்தவளுக்குத்தான் முதல் போர்வை," என்று மகளுக்குப் போர்த்திவிட்டார்.

இதுவரை மகளுக்குத் தெரிந்த கதை. மீதியை அம்மா சொன்னாள்.

மூன்று வருஷம் கழித்து நர்ஸ் வந்தாள். மகள் அன்று பள்ளியில் இருந்தாள். வந்தவள் உட்கார்ந்து, நலம் விசாரித்து, "அண்ணா, அந்தத் துணியை எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். இப்பத்தான் தனியா ஒரு வீடு கிடைச்சுது," என்றாள்.

"எந்தத் துணிம்மா?" என்று கேட்டபோதே திரைக்காரரின் முகம் செத்துவிட்டது என்றாள் அம்மா.

"நீலத் துணி. பாப்பாகிட்ட குடுத்துட்டுப் போனேனே. நான் வர்ற வரைக்கும் வெச்சிருக்கச் சொல்லுன்னு சொன்னேன். எனக்கு உடுப்பு தைக்கணும்னு எங்கம்மா வாங்கினது. தைக்கிறதுக்குள்ள படுத்துட்டாங்க. அவங்க கையால வாங்கின கடைசித் துணி அதுதான்."

வெச்சிருக்கச் சொல்லு. வெச்சுக்கச் சொன்னாங்க.

கேட்டுக்கொண்டிருந்த மகளின் கை நின்றது. நடுவில் இருந்த ஒரு 'ரு'வைக் காணோம். ஹார்ன் சத்தத்தில் போனதா, பற்பசை நுரையில் போனதா, பள்ளிக்கு நேரமாகிறது என்ற அவசரத்தில் இவளே விழுங்கினாளா? அந்தக் காலை வேளையை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். நர்ஸ் அக்காவின் உதடு அசைவது தெரிந்தது. என்ன சொன்னாள் என்பது மட்டும், எதை நினைத்துக்கொண்டு கேட்டாலும் அதுவாகவே கேட்டது.

"அப்பா என்ன சொன்னார்?"

"என்ன சொல்வார்? 'வெட்டிட்டேம்மா. நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்,'னார். நான் வாயைத் திறந்தேன், பாப்பாதான் அப்படிச் சொன்னான்னு. ஒரு பார்வை பார்த்தார் பாரு. முப்பது வருஷத்துல அப்படி அவர் என்னைப் பார்த்ததில்லை. வாயை மூடிக்கிட்டேன். அந்தப் பொண்ணு அழலை, கத்தலை. 'வெட்டினதை இனிமே ஒட்டவா முடியும்?'னா. அதுக்கு இந்த மனுஷன், 'ஒட்டுறதுதாம்மா என் வேலை. ஒண்ணு விடாம சேர்த்து, ஒட்டி, கொண்டுவந்து தர்றேன்,'னார். அவ முகவரியைச் சொன்னா, இவர் எழுதிக்கிட்டார். குடுத்த தண்ணியைக் கூடக் குடிக்காம போயிட்டா."

அந்த வாரத்திலிருந்துதான் அவருக்கு அந்தக் கேள்வி வந்தது. தட்டு வந்தது, சீட்டு வந்தது. கூடவே வேறொரு வேலையும் வந்தது. கொடுத்த போர்வைகளைத் தேடிப் போகிற வேலை.

சலூன்காரர் பிரச்சினை செய்யவில்லை. கடை வாசல் வெயிலில், காத்திருப்பவர்கள் உட்காரும் பெஞ்சின் மேல் அந்தப் போர்வையை விரித்திருந்தார். "துவைச்சுத் தர்றேன்னா எடுத்துட்டுப் போங்க, அதுல ஊர்ப்பட்ட முடி," என்றார். இரண்டு வாரத்தில் போர்வை திரும்பி வந்தது. நீலம் இருந்த இடத்தில் பழுப்பு இருந்ததை அவர் கவனிக்கவே இல்லை. முதலாளி பேரனின் போர்வை துவைத்துத் துவைத்து நைந்திருந்தது. டீச்சரம்மாவுடையது பெட்டிக்குள் மடித்தபடி இருந்தது. லாரி டிரைவர் ஒருவர் வண்டியிலேயே போர்வையோடு ஊர் சுற்றிக்கொண்டிருந்தார். அவரைப் பிடிக்க ஏழு மாதம் ஆயிற்று.

அத்தைதான் உலுக்கி எடுத்துவிட்டாள். அத்தை என்றால் திரைக்காரரின் அக்கா, அவரைவிட எட்டு வயது மூத்தவள்.

"டேய், குடுத்ததைத் திருப்பிக் கேக்க வந்திருக்கியே, வெக்கமா இல்லை?"

"திருப்பிக் கேக்கலைக்கா. நாலு துண்டை மட்டும் மாத்தித் தர்றேன்."

"நாலா? இருபது இருக்கு, எண்ணிட்டேன். தெருவெல்லாம் கேட்டுக்கிட்டுத் திரியுறியாமே, குடுத்ததா குடுத்து வெச்சதான்னு? இப்ப நான் கேக்குறேன். நீ எனக்குக் குடுத்தியா, குடுத்து வெச்சியா?"

கடைசியில் ஒன்றுக்கு இரண்டு புதுப் போர்வை தைத்துத் தருவதாகச் சொல்லித்தான் அத்தையின் வாயை அடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அப்பா ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து தையல் பிரித்துக்கொண்டிருந்தது மகளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பிளேடு முனையால் ஒரு தையல் விட்டு ஒரு தையல் அறுப்பார், நூலை உருவுவார், துண்டுக்கு வலிக்காமல். கிழிந்த போர்வையைச் சரிசெய்கிறார் என்று நினைத்திருந்தாள். நன்றாக இருக்கிற போர்வையை எதற்குப் பிரிக்கிறார் என்று ஒரு தடவை தோன்றியது. பரீட்சைக்குப் படிக்க இருந்ததால் கேட்கவில்லை.

"என்னோடதை ஏம்மா பிரிக்கலை? தினம் என் கட்டில்லதானே கிடந்துச்சு?"

"கடைசியில பாத்துக்கலாம்னார். உன்னோடதைத் தொட்டா ஏன்னு கேப்பே. கேட்டா பதில் சொல்லணும். பதில் சொன்னா, நீ சொன்ன ஒரு வார்த்தையால ஒருத்தியோட அம்மா துணி போச்சுன்னு உனக்குத் தெரிஞ்சிடும். 'அவ படிச்சு முடிக்கட்டும்டி, அப்புறம் சிரிச்சுக்கிட்டே சொல்லலாம்,'னார்." அம்மா மூக்கை உறிஞ்சினாள். "நீ படிச்சு முடிச்சு வந்தே. போர்வைதான் வரலை."

வரவில்லை. ஏன் வரவில்லை என்பது அம்மாவுக்குத் தெரியாது. மகளுக்கு மட்டும் தெரியும்.

கல்லூரி விடுதியில் முதல் வாரம், பக்கத்துக் கட்டில்காரி போர்வையின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்து, "இது என்ன, ஒட்டுப் போட்டதா? உங்க வீட்டுல புதுசு வாங்க மாட்டாங்களா?" என்று கேட்டாள். கிண்டல் கூட இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால்தான் அதிகமாகச் சுட்டது. உதவித்தொகை வந்ததும் முதல் வேலையாக ஒரே நிறத்தில் ஒரு கம்பளி வாங்கினாள். ஒட்டுப் போர்வை இரண்டு வருஷம் பெட்டிக்குள் கிடந்தது. கடைசி நாள், பெட்டி மூடாமல் அடம்பிடித்தபோது, விடுதி நடைபாதை கழுவுகிற அக்காவைக் கூப்பிட்டு அதை நீட்டினாள்.

"இதை வெச்சுக்கங்கக்கா."

அந்த அக்கா வாங்கிக்கொண்டாள். குடுத்ததா, குடுத்து வெச்சதா என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்கிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் வீட்டில், ஏறக்குறைய மூன்று வருஷமாகப் பன்னிரண்டு துண்டுக்குக் காத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்த அன்று அப்பா பெட்டிகளை உள்ளே தூக்கி வைத்துவிட்டு, "போர்வை எங்கம்மா?" என்றார்.

"ஹாஸ்டல்லயே விட்டுட்டேம்ப்பா. பழசாயிடுச்சுல்ல."

"சரி," என்றார்.

அவ்வளவுதான். ஐந்து வருஷமாக அந்த 'சரி' அவள் காதில் விழுந்து எங்கேயோ கிடந்திருக்கிறது. இப்போது எழுந்து நடமாட ஆரம்பித்தது.

அடுத்த சனிக்கிழமை அவள் பழைய விடுதிக்குப் போனாள். நடைபாதை கழுவுகிற அக்கா வேலையை விட்டுப் போய் மூன்று வருஷம் ஆகிவிட்டதாம். எந்த ஊர்? சமையலறையில் ஒருத்தி ஒன்று சொன்னாள், காவலாளி வேறொன்று சொன்னார். பெயரைக் கேட்டார்கள். மூன்று வருஷம் தினமும் தன் அறை வாசலைக் கழுவியவளின் பெயர் தனக்குத் தெரியாது என்பது கேட்டபோதுதான் அவளுக்கே தெரிந்தது. காவலாளி தன் நோட்டில் அவளுடைய தொலைபேசி எண்ணை எழுதிக்கொண்டார். "தகவல் வந்தா சொல்றேம்மா. வராதுன்னு வெச்சுக்கங்க."

வெச்சுக்கங்க. அன்றைக்கு எந்த அர்த்தத்தில் அதை நீட்டினோம் என்று திரும்பி வருகிற பஸ்ஸில் யோசித்தாள். தூக்கிப் போடுகிறேன் என்று சொல்ல வாய் வராமல், கொடுக்கிற மாதிரி ஒரு வார்த்தையில் சுற்றிக் கொடுத்தோமோ? வாங்கியவள் அதை எப்படி எடுத்துக்கொண்டாளோ?

அதற்கு அடுத்த ஞாயிறு, டின்னை எடுத்துக்கொண்டு மூடியில் இருந்த முகவரிக்குப் போனாள். மூன்றாவது மாடி. கதவைத் திறந்த நர்ஸ் அக்காவுக்கு முன்தலை நரைத்திருந்தது. இரவு வேலை முடித்து வந்த களைப்பு கண்ணில் தெரிந்தது. மகள் தன்னை யார் என்று சொல்வதற்குள் அவள் பார்வை டின்னுக்குப் போய்விட்டது.

"திரைக்காரர் பொண்ணா? அவர் வரலையா?"

சொன்னாள். நர்ஸ் அக்கா கதவை அகலத் திறந்தாள். பிறகு உள்ளே கூப்பிட்டு, தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மகள் குடித்தாள்.

டின்னைத் திறந்து, நர்ஸ் அக்கா கட்டுகளை மேசையில் வரிசையாக வைத்தாள். விரலால் ஒவ்வொரு நீலத்தையும் தடவினாள். சாம்பலாகிப்போன கட்டை எடுத்து, "இது எந்த வீட்டுல இருந்துச்சு?" என்றாள்.

"சலூன்ல. பெஞ்சு மேல."

"எங்கம்மா கேட்டா சிரிச்சிருப்பாங்க." அவள் சிரிக்கவில்லை. எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு கவர் எடுத்துவந்தாள். உள்ளே ஐந்து கடிதங்கள், ஐந்தும் அப்பாவின் கோணல் எழுத்து. ஒவ்வொரு போர்வை கைக்கு வந்ததும் ஒன்று எழுதியிருக்கிறார். 'இன்னும் தொன்னூறு பாக்கி.' 'இன்னும் எழுவது.' கடைசிக் கடிதத்தை அவள் மகளிடம் நீட்டினாள்.

'இனி பன்னெண்டு மட்டும்தான் பாக்கி. அது என் மகள் கிட்ட இருக்கு. படிக்கிற இடத்தில போத்திக்கிட்டு இருக்கா. படிப்பு முடிஞ்சதும் கொண்டு வருவா. அவ கிட்ட பத்திரமா இருக்கும்.'

அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை.

மகள் அதை இரண்டு முறை படித்தாள். மேசையில் வைத்தாள். "அக்கா, தப்பாச் சொன்னது அப்பா இல்லை. நான். நீங்க வெச்சிருக்கச் சொன்னதை நான்தான்..."

"தெரியும்."

"எப்படி?"

"வெச்சிருக்கச் சொல்லுன்னு நான் சொன்னது உன்கிட்ட. உங்கப்பாகிட்ட நான் பேசவே இல்லையே. பேசாத பேச்சை அவர் எப்படித் தப்பாப் புரிஞ்சுக்குவார்? பொய் சொல்லவும் ஒரு படிப்பு வேணும், அவருக்கு அது வரலை." நர்ஸ் அக்கா கடிதங்களைக் கவருக்குள் வைத்தாள். "அதனாலதான் நானும் ஒண்ணும் சொல்லலை. அந்தப் பன்னெண்டு எங்கே?"

அதையும் சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரி கேட்டதை, கம்பளி வாங்கியதை, நடைபாதை அக்காவை, அவளுடைய பெயர் தெரியாததை. அப்பாவின் 'சரி'யை மட்டும் சொல்லவில்லை. "மன்னிச்சுடுங்கக்கா," என்றாள்.

"மன்னிப்பை வெச்சு நான் என்ன தைக்கிறது?" என்றாள் நர்ஸ் அக்கா. குரலில் கோபம் இல்லை, இரக்கமும் அவ்வளவாக இல்லை. மருந்து எத்தனை வேளை என்று நோயாளிக்குச் சொல்கிற குரல். கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து டின்னுக்குள் வைத்தாள். மூடியின் உட்புறத்தைப் படித்தாள். மூடினாள். டின்னை மேசையின் குறுக்கே மகள் பக்கம் தள்ளினாள்.

"ஒண்ணு விடாமன்னு சொன்னது உங்கப்பா. தொன்னூத்தெட்டுக்கு நான் ஒத்துக்கலை. இதை நீ வெச்சிரு."

கீழே தெருவில் ஏதோ ஒரு வண்டி ஹார்ன் அடித்தது. மகள் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள்.

"என்ன சொன்னீங்கக்கா? இன்னொரு தடவை சொல்லுங்க."

"வெச்சிருன்னேன்," என்றாள் நர்ஸ் அக்கா. "ரு இருக்கு. நல்லாக் கேட்டுக்க."